இரண்டு பக்கமும் மே

மே

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. பேருந்தில் யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்த்தும் வரவில்லை. என் வீட்டுக்காரி எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

போன வாரம் அவருடைய சித்தப்பா வந்திருந்தார். அவரிடம் நான் பதினேழாவது தடவையாகக் குழாய் விவகாரத்தை ஆரம்பித்தேன். "சித்தப்பா, உங்க பொண்ணுக்கு மேல் எது, கீழ் எதுன்னு..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், கரண்டியை டொக்கென்று வைத்தார் என் மனைவி.

"நீங்க இதை ஒரே ஒரு தடவை ஒழுங்கா எழுதிடுங்க. எழுதின கையோட வாயை மூடிடுங்க. இனிமே யாராவது கேட்டா தாளை நீட்டுங்க, போதும். ஆனா ஒண்ணு. நான் சிவப்பு மையில திருத்தாம ஒரு வரிகூட வாசலைத் தாண்டக் கூடாது."

"நீங்க" என்றதைக் கவனித்தீர்களா? சாதாரண நாளில் எனக்கு "நீ"தான். எங்கள் வீட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். "தாங்கள்" வரைக்கும் போனது வாழ்க்கையில் ஒரே தடவை. அது பின்னால் வருகிறது.

ஆகவே, சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவருடைய சிவப்பு மை. [ஆமாம்.] வளைந்த அடைப்புக்குள் இருப்பது அதற்கு நான் முணுமுணுத்த பதில். (வேறென்ன செய்ய.)

இன்னொரு நிபந்தனையும் உண்டு. "கதைக்குள்ள 'நான்'னு போட்டுக்கிட்டீங்கன்னா உங்களுக்கு நாலு கை முளைச்சிடும்" என்று சொல்லிவிட்டார். அதனால் கதைக்குள் நான் வெறும் வின்ச்காரன். ஆய்வுப் படகில் கம்பியைச் சுற்றிப் பாரத்தைக் கடலுக்குள் இறக்குவது, ஏற்றுவது, இதுதான் தொழில். அவர் கடலடி மண்ணைப் படிக்கிற டாக்டர். வின்ச்காரன் "அவன்". டாக்டர் "அவர்". [சரியாக இருக்கிறது.]

2

ஆரம்ப வரிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடல் அமைதியாக இருந்தது. ஆனால் அதன் அடியில்

[அன்றைக்குக் கடல் அமைதியாகவே இல்லை. உனக்கு வாந்தி.]

பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த அந்தப் பிளவு

[உறங்கியதா, முழித்திருந்ததா என்பதுதான் மொத்தக் கேள்வியே. முதல் வரியிலேயே போட்டு உடைக்காதே.]

எல்லாம் ஒரு சல்லடையில் ஆரம்பித்தது.

[இது உண்மை.]

அப்பாடா. எல்லாம் ஒரு சல்லடையில் ஆரம்பித்தது. டாக்டரின் வேலைப் பையில் ஒரு பித்தளைச் சல்லடை இருந்தது. அதன் துளைகள் தலைமுடியைவிடச் சன்னம். கடல் சேற்றை அதில் ஊற்றிக் கழுவினால் சேறு போய்விடும், மணல் தங்கும். ஒரு நாள் காலையில் வீட்டு டீ வடிகட்டி கைப்பிடி உடைந்துபோனது. வின்ச்காரன் அக்கம்பக்கம் பார்த்தான். பையிலிருந்து பளபளவென்று ஒன்று எட்டிப் பார்த்தது. எடுத்தான், வடிகட்டினான்.

டீ இறங்கவே இல்லை. மேலேயே நின்றுகொண்டு யோசித்தது. தட்டினான், கரண்டியால் கிளறினான், ஊதிக்கூடப் பார்த்தான். கடைசியில் ஒரு டம்ளர் டீ இறங்க இருபது நிமிடம் ஆனது. சல்லடையை லேசாக அலசிப் பையிலேயே வைத்துவிட்டான்.

அன்று மதியம் ஆய்வகத்தில் டாக்டர் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். கடலடியில் இதுவரை யாரும் பார்க்காத பழுப்புத் துகள். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஏழு பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். எட்டாவதாக வந்த அலுவலக உதவியாளர் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலக்காய் போட்டிருக்காங்க மேடம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம். "தாங்கள் இனி என்னிடம் பேச வேண்டாம்."

மறுநாள் இருவரும் ஒரே படகில் கடலுக்குப் போனார்கள்.

3

(இந்தப் பகுதியில் கொஞ்சம் பாடம் இருக்கும். கொட்டாவி விடுகிறவர்கள் விடலாம். நானும் கல்யாணமான புதிதில் விட்டேன்.) [இப்போதும்தான்.]

ஆறு கடலில் சேர்கிற இடத்தில் மண் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டிய மண் தன் கனத்திலேயே அமுங்கும். அதன்மேல் ஊர் உட்கார்ந்தால் இன்னும் அமுங்கும். டாக்டரின் அலுவலக வாசலில் கட்டும்போது மூன்று படிகள் இருந்தனவாம். இப்போது இரண்டரை. கழிப்பறைக் கதவை மூட வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், வெளியே ஒருவர் தோள் கொடுக்க வேண்டும். நிலம் தாழ்வதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற அலுவலகமே தாழ்ந்துகொண்டிருப்பதில் அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை.

இப்படி மெதுவாக அமுங்குவதைச் சமாளித்துவிடலாம். அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டினால் போதும். ஆனால் ஆற்று முகத்துக்கு வெளியே, கடலடியில் ஒரு நீளமான பிளவு இருக்கிறது. அது என்றைக்காவது அசைந்தால் ஓரத்து நிலம் ஒரே நாளில் ஓர் ஆள் உயரம் இறங்கிவிடும். அந்த ஓரத்தில்தான் புதுப் பள்ளிக்கூடம் கட்டுவதாகத் திட்டம். பிளவு சமீபத்தில் அசைந்திருக்கிறதா, அல்லது செத்தே போய்விட்டதா? நகரக் கமிட்டி டாக்டரைக் கேட்டிருந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பிளவு அசைந்தால் கடலடிச் சரிவு குலுங்கி மணல் சரிந்து ஓடிப் படியும். அது சேற்றுக்கு நடுவே தனி அடுக்காகத் தெரியும். நீளக் குழாயைக் கடலடியில் குத்தி, சேற்றோடு உருவி எடுத்துப் பார்க்க வேண்டும். மணல் அடுக்கு மேலே இருந்தால் சமீபத்தில் அசைந்தது. அடியில் இருந்தால் எந்தக் காலத்திலோ.

ஆக, குழாயில் எது மேல் பக்கம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்காக டாக்டரே ஒரு விதி எழுதி, குழாய்களை வைக்கிற குளிர் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்: "மேல் முனை மூடியில் 'மே' என்று எழுதவும். கீழ் முனையில் 'கீ' என்று எழுதவும். சந்தேகம் இருந்தால் கேட்கவும்." கடைசி வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு.

இருவரும் படகில் போன அன்று மே மாதம் பதினான்காம் தேதி. மூன்று மீட்டர் குழாய் தளத்தில் கிடந்தது. படகு ஆடுகிறது. குழாய் இந்தப் பக்கம் உருள்கிறது, அந்தப் பக்கம் உருள்கிறது. வழக்கமாக ஒருவர் "மேல்!" என்று கத்துவார், அடுத்தவர் "கீழ்!" என்று கத்துவார். அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லையே. அவர் ஒரு முனையில் மூடி போட்டு நீல மார்க்கரால் எழுதினார். அலை அடித்தது, விட்டுவிட்டு எழுந்தார். அவன் மறுமுனையில் மூடி போட்டுக் கறுப்பு மார்க்கரால் எழுதினான். வயிறு புரட்டியது, விட்டுவிட்டு ஓடினான்.

கரைக்கு வந்த மறுநாள் குளிர் அறையில் பார்த்தால், நீல மூடியிலும் "மே". கறுப்பு மூடியிலும் "மே".

இரண்டு தலை, கால் இல்லை.

4

ஒருவர் 'மேல்' என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் தேதி போட ஆரம்பித்து மாதத்தோடு நின்றிருக்கிறார். யார் எது?

"விதியை எழுதினதே நான். நானே மீறுவேனா?" என்றார் டாக்டர். (பேச்சுவார்த்தை இப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.)

"என் மூடியைப் பாருங்க. 'மே'க்குப் பக்கத்துல சின்னதா ஒரு கோடு இருக்கு. 'ல்' எழுத ஆரம்பிச்சு நின்னுபோச்சு" என்றான் வின்ச்காரன்.

[ல எந்தக் காலத்தில் நேர்கோட்டில் ஆரம்பித்தது?]

(என் கையெழுத்து அப்படி.)

விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் இந்நேரம் கை தூக்கியிருப்பார். மேல்பக்கச் சேறு பழுப்பாக, கூழாக இருக்குமே, பார்த்தாலே தெரியாதா என்று. தெரியும் ஐயா. அந்தக் கூழ் படகு ஆடினதில் தளமெல்லாம் ஒழுகிவிட்டது. வின்ச்காரன் வழுக்கி விழுந்ததும் அதில்தான். மண்ணின் வயதைச் சோதித்துச் சொல்கிற ஆய்வகம் இல்லையா? இருக்கிறது. நாலு மாதம் ஆகும் என்றார்கள். கமிட்டிக் கூட்டமோ மூன்றரை வாரத்தில். குழாயைப் பிளந்து பார்த்தால்? பிளக்கிற வாள் பழுதாகி, வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பக் கடலுக்குப் போய் இன்னொன்று எடுக்கலாமே என்று நானும் ஓர் அத்தியாயம் எழுதிப் பார்த்தேன். புயல் எல்லாம் வைத்தேன். [படகை வண்ணம் பூசக் கரையேற்றியிருந்தார்கள். புயலை எடு.] எடுத்துவிட்டேன். நல்ல புயல்.

மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. அவர் தோசை திருப்பும்போது அவன், "மேல் எதுன்னு தெரிஞ்சுதான் திருப்புறீங்களா?" அவன் சட்டை மாட்டும்போது அவர், "காலர் மேல வரணும், ஞாபகம் இருக்கட்டும்." சிரிப்புத்தான். ஆனால் டாக்டர் சரியாகத் தூங்கவில்லை. அவர் தப்பான முனையைச் சொன்னால், முந்நூறு குழந்தைகள் போய் உட்காரப்போவது அந்த ஓரத்தில். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல் தேய்த்துக்கொண்டே அப்படியே நின்றுவிடுவார், நுரை கைவழியே ஒழுகும். அதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

[இதை எதற்கு எழுதினாய்.]

(இருக்கட்டும்.)

5

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் வாள் வந்தது. குழாயை நீளவாக்கில் பிளந்தார்கள். உள்ளே முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. கறுப்பு மூடியிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, ஒரு ஜாண் அகலத்துக்கு மணல் அடுக்கு, பளிச்சென்று.

கலங்கின தண்ணீரை டம்ளரில் வைத்தால் கனமான துகள் முதலில் அடியில் போய் உட்காரும், பொடி பிறகு அதன்மேல் இறங்கும். மணல் அடுக்கும் அப்படித்தான் படியும். எந்தப் பக்கம் பெருமணலோ அதுதான் கீழ். ஆனால் இந்த அடுக்கில் வித்தியாசம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. விரலில் தேய்த்தார், தெரியவில்லை. அதற்கு மேல் மண்காரர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வெளியாள் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். கொஞ்சம் எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள். சேறு வெண்ணெய் போல் நழுவும். மணல் நறநறக்கும்.

டாக்டர் கறுப்பு மூடிப் பக்கத்து ஓரத்தில் ஒரு துளி எடுத்துக் கடித்தார். நழுவியது. கண்ணை மூடிக்கொண்டார். நீல மூடிப் பக்கத்து ஓரத்தில் ஒரு துளி எடுத்துக் கடித்தார்.

நறநற.

ஆக நீல மூடிப் பக்கம்தான் கீழ். அவருடைய 'மே' வெறும் மே மாதம்.

எங்கள் மொழியில் தோற்றுப்போனால் மண்ணைக் கவ்வினார் என்போம். கவ்விக்கொண்டே தோற்றவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். [இந்த வரிக்காகத்தான் முழுக் கதையையும் எழுதியிருக்கிறாய்.] (ஒப்புக்கொள்கிறேன்.)

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "உன் மூடிதான் மேல்" என்றார். "நீ" என்றார். பிறகு, "மணல் மேலதான் இருக்கு. பிளவு முழிச்சுக்கிட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

6

கமிட்டிக் கூட்டம். இங்கே ஒரு தலைமையாசிரியை வருகிறார். கதை சூடுபிடிக்க இவரை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். [கூடாது.] ஆக்கவில்லை. ஆறு வருடமாகத் தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். மழை பெய்தால் பாடம் கேட்காது, வெயில் அடித்தால் பிள்ளைகள் மயங்கி விழும். புதுக் கட்டடம் வரும் வரும் என்று காத்திருந்தவருக்கு, இடத்தை மாற்று என்றால் எப்படி இருக்கும்?

டாக்டர் குழாயின் படத்தைத் திரையில் போட்டார். கமிட்டித் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இந்தப் பக்கம் மே. அந்தப் பக்கமும் மே. இதென்னம்மா, ஆட்டுமந்தையா?"

பின்வரிசையில் யாரோ "மே..." என்று கத்தினார்கள். இன்னொருவர் பதில் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்கு அந்த அறை ஆட்டுப்பட்டியாகிவிட்டது.

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, "எது மேல், எது கீழ்னு எழுதத் தெரியாதவங்க பேச்சைக் கேட்டு, என் பிள்ளைங்களை இன்னும் கொட்டகையில உட்காரச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் எழுந்தார்.

"தப்பு என்னோடது. விதியை எழுதினவளும் நான்தான், மீறினவளும் நான்தான். படகுல வின்ச் ஓட்டுறவர் சரியா எழுதியிருக்கார். மூடியை நம்ப வேண்டாம், மண்ணை நம்புங்க. எந்தப் பக்கம் நறநறக்குதோ அதுதான் கீழ். உங்க வாயாலயே கடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, மணல் அடுக்கின் இரண்டு ஓரத்திலிருந்தும் எடுத்த மண்ணை இரண்டு சின்னக் கிண்ணங்களில் மேஜையில் வைத்தார். தலைவர் பின்வாங்கினார். தலைமையாசிரியை நேராக வந்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கடித்தார். அடுத்த கிண்ணத்தில் எடுத்துக் கடித்தார். நெடுநேரம் மென்றார்.

"எந்த இடத்துக்கு மாத்தலாம்னு சொல்லுங்க" என்றார்.

பள்ளிக்கூடம் இப்போது மேட்டில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எழும்புகிறது. ஜன்னல் மட்டம் வரைக்கும் சுவர் வந்துவிட்டது. வின்ச்காரனுக்கு அலுவலகத்தில் புதுப்பெயர். 'மேல்' என்று சரியாக எழுதியவன் என்பதால் 'மேலாளர்'. சம்பளம் பழையதுதான். ஆனாலும் அவன் பதினொரு மாதமாகத் தரையில் நடக்கவில்லை.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: மேலாளர் அடக்கமாகப் புன்னகைத்து [நம்ப முடியாதது.]

முடிவு இரண்டு: நாலு மாதம் கழித்து வயதுச் சோதனை வந்து மண் சொன்னதையே சொல்லியது. [உண்மை. ஆனால் சப்பென்று இருக்கிறது.]

முடிவு மூன்று:

[எங்கே?]

மே

இது வரைக்கும் உள்ள தாள்களை அவர் திருத்திக் கொடுத்துவிட்டார். இந்தத் தாளை இன்னும் கொடுக்கவில்லை. இதில் வின்ச்காரனும் வேண்டாம், அவனும் வேண்டாம். நான்.

நான் அந்த விதியை அன்றுவரை படித்ததே இல்லை. குளிர் அறைக்குள் போனால் சீக்கிரம் வெளியே வரத்தான் பார்ப்பேன். படகில் அன்றைக்கு நான் எழுத ஆரம்பித்ததும் தேதிதான். மே 14. 'மே' எழுதி, 'ஒன்று' போட்டேன். 'நாலு' போடுவதற்குள் வயிறு புரட்டிவிட்டது. அந்தக் கோடு 'ல்' இல்லை. ஒன்று.

இரண்டு பேரும் மாதத்தைத்தான் எழுதினோம். மண் என் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். அவர் அத்தனை பேர் முன்னால், ஆடுகள் கத்திய அறையில், "அவர் சரியா எழுதியிருக்கார்" என்றபோது நான் எழுந்து "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன். பிறகு பதினேழு பேரிடம் பீற்றிக்கொண்டேன். ஒவ்வொரு தடவை பீற்றும்போதும் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேடிக்கைக் கதையில் இப்படி ஒரு வரி வரலாமா என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

கொடுப்பதா, கிழிப்பதா என்று இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவர் திருத்தாமல் ஒரு வரி வாசலைத் தாண்டாது. நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் நான் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

கொடுத்தேன். கால் மணி நேரத்தில் கதவிடுக்கு வழியாகத் தாள் திரும்பி வந்தது. ஒரு திருத்தம் இல்லை, ஒரு சதுர அடைப்பு இல்லை. தாளின் அடியில், சிவப்பு மையில் இவ்வளவுதான்:

மே|

அதே கோடு. அதே சாய்வு. என் மூடியிலிருந்து பெயர்த்து எடுத்து வைத்த மாதிரி. ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை. ஆக, அவருக்கு முன்னாலேயே தெரியும். கூட்டத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்குமா? தெரிந்தும் ஏன் தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார்? அன்றைக்கு ஒரே ஒரு ஆள் தப்பை ஒப்புக்கொண்டால்தான் மண்ணை நம்புவார்கள் என்றா? இல்லை, நானாக வாயைத் திறக்கிறேனா என்று இத்தனை மாதமும் பார்த்துக்கொண்டிருந்தாரா?

சரி, இது என்ன எழுத்து? 'மேல்' என்கிறாரா, அதாவது இந்த அடித்தாள்தான் மேலே வர வேண்டியது, இதைச் சொல்லித்தான் கதையை ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறாரா? வெறும் தேதியா? இதுவும் மே மாதம்தான். இல்லை, திருட்டு முழி முழிக்கிற ஆட்டைப் பார்த்து "மே" என்கிறாரா?

போன வருடமாக இருந்தால் நானே ஒன்றை முடிவு செய்துகொண்டு சித்தப்பாவுக்குப் போன் போட்டிருப்பேன். சுவரில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறதே, சந்தேகம் இருந்தால் கேட்கவும் என்று. இப்போதுதான் படித்தேன்.

அடுப்படியில் அவர் டீ போடுகிறார். ஏலக்காய் வாசனை வருகிறது. எட்டிப் பார்த்தேன். வடிகட்டுவது அந்தப் பித்தளைச் சல்லடையில். டீ மேலேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இரண்டு டம்ளர்.

இறங்க இருபது நிமிடம் ஆகும். நான் போய்க் கேட்கிறேன். அதுவரை அந்தக் கோட்டை நீங்கள் உங்களுக்குத் தோன்றினபடி முடித்து வையுங்கள்.